காதுப் பக்கம் வளர்ந்த சதை

கண் முகாமில் வேலை செய்பவர் நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டியது, இதுவரை கண்ணில் என்னென்ன ஊற்றினீர்கள் என்பது. பதினான்கு வருடமாகக் கேட்கிறேன். பதிலைக் கேட்டு ஆச்சரியப்படுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

பொன்னேரிப் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் பரிசோதனை உதவியாளர் நான். வாரத்தில் இரண்டு நாள் டாக்டரோடு வேனில் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போவோம். எங்களிடம் அதிகம் வருவது வெண்படலக் கோளாறுகள். கண்ணின் வெள்ளையையும் இமையின் உள்பக்கத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல்தான் வெண்படலம். வெங்காயச் சருகுகூட அதைவிடத் தடிமன். மெட்ராஸ் ஐ வந்து, விடிந்ததும் இமை ஒட்டிக்கொண்டு, சுடுதண்ணீர்த் துணியோடு சுவரைத் தடவி நடந்தவர்தானே நீங்களும்? அப்படியானால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

தெருவுக்கு ஒரு பாட்டில்

சுண்ணாம்புக்குளத்தில் ஒரு விவசாயிக்கு மெட்ராஸ் ஐ. சொட்டு மருந்து கொடுத்து, தனித் துண்டு, தனித் தலையணை என்று பாடம் நடத்தி அனுப்பினேன். அடுத்த வாரம் போனால், அவர் தெருவே சிவந்த கண்ணோடு வரிசையில் நிற்கிறது. மனிதர் நான் கொடுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். கண் உறுத்தியவர்களுக்கு ஒரு சொட்டு. உறுத்தாதவர்களுக்கும் முன்ஜாக்கிரதையாக ஒரு சொட்டு. ஒவ்வொரு தடவையும் பாட்டிலின் நுனியை இமையில் நன்றாக அழுத்தி ஊற்றியிருக்கிறார். தன் கண்ணிலிருந்த கிருமியைத் தெரு முழுக்க அவரே பட்டுவாடா செய்திருக்கிறார்.

அவர் மகள், மருந்து உனக்குத்தானே நைனா கொடுத்தாங்க என்று எங்கள் முன்னாலேயே கடிந்துகொண்டாள். அவர் நிதானமாகச் சொன்னார்: "எனக்கு மட்டும் ஊத்திக்கினு வூட்ல குந்திக்கினா ஊரு இன்னா நினைக்கும்?"

செதில்

தோணிரேவில் மீன் ஆயும் ஓர் அக்கா. இரண்டு வாரமாக வலது கண் சிவந்து, நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மருந்துக் கடையில் மெட்ராஸ் ஐ என்று சொல்லி இரண்டு வகைச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். தாய்ப்பால் ஊற்றியாயிற்று, நந்தியாவட்டைப் பூவை ஒற்றியாயிற்று. மெட்ராஸ் ஐ இரண்டு வாரம் ஒற்றைக் கண்ணிலேயே குடியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மேல் இமையைப் புரட்டினேன்.

உள்ளே, வெண்படலத்தோடு ஒட்டிக்கொண்டு, கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்று மினுங்கியது. மீன் செதில். சுற்றிலும் தோல் வீங்கி அதை மூட ஆரம்பித்திருந்தது. டாக்டர் மரத்துப்போக மருந்து விட்டு, இடுக்கியால் எடுத்துப் பஞ்சில் வைத்தார். அந்த அக்கா அதை உற்றுப் பார்த்தாள். "ரெண்டு வாரமா நான் கண்ணுக்குள்ள மீனு வச்சிருந்தேனா?"

பசியாவரத்துக் கண்கள்

பசியாவரத்தில் நாற்பது தாண்டிய ஆண்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் சதை உண்டு. வெயிலும் உப்புக்காற்றும் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்ந்து, வெண்படலத்தை மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாக வளர வைக்கும். பெரும்பாலும் ஆபத்தில்லாதது. டாக்டர் கண்புரைக்காரர்களைப் பார்ப்பார். சதை மட்டும் உள்ளவர்களுக்கு நானே சொட்டு மருந்து கொடுத்து, அட்டையில் எழுதி அனுப்பிவிடுவேன். அன்று முப்பது பேருக்குமேல் எழுதினேன்.

அதில் ஒருவர் தசரதன். ஏரியில் வலை போடுபவர், ஐம்பது வயது இருக்கும். இடது கண்ணில் சின்னதாகச் சதை. வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கடலு, ஏரினு போறவன் கண்ணுல இது இல்லன்னாதான் நர்சம்மா தப்பு."

பழைய அட்டை

எட்டு மாதம் கழித்து தசரதனை அவர் மனைவி தேவகி மருத்துவமனைக்கே இழுத்துக்கொண்டு வந்தாள். இடது கண்ணில் டார்ச் அடித்ததும் டாக்டரைக் கூப்பிட்டேன். கருவிழியின் ஓரத்தில், வெந்த ஜவ்வரிசி மாதிரி வெளுத்த கட்டி. அதை நோக்கித் தடித்த இரத்த நாளங்கள் ஓடிக்கொண்டிருந்தன. டாக்டர் வெகுநேரம் பார்த்தார். வெண்படலத்தில் வரும் புற்றுநோய் போலத் தெரிகிறது, உடனே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், விட்டால் கண்ணுக்குள் இறங்கும், அப்புறம் கண்ணையே எடுக்க வேண்டிவரும் என்று அவர்களிடம் மறைக்காமல் சொன்னார்.

பிறகு பழைய அட்டையைக் கேட்டார். தேவகி அதைப் பாலித்தீன் பையில் பத்திரமாக வைத்திருந்தாள். என் கையெழுத்து: "இடது கண், காதுப் பக்கம், சதை வளர்ச்சி." வழக்கமான சதை வளர்வது மூக்குப் பக்கம். காதுப் பக்கம் ஒன்றைப் பார்த்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது எனக்குப் பயிற்சியின் முதல் மாதத்தில் சொல்லிக்கொடுத்த விஷயம். டாக்டர் என்னைத் திட்டவில்லை. அட்டையைத் திருப்பித் தந்து மெதுவாகச் சொன்னார்: "எழுதினதை ஒரு தடவை படிச்சிருக்கலாம், கலா."

பாடு முறை

தசரதன் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்கு 'பாடு' என்று முறை உண்டு. அவர் முறை அந்த வாரம்தான். இறால் ஓடும் காலம் வேறு. முறை முடிந்ததும் வருகிறேன் என்று எழுந்துவிட்டார். வலியில்லையே, பார்வையும் இருக்கிறதே என்றார். டாக்டரும் நானும் மாறி மாறிப் பேசியும் பயனில்லை. அவர் வாசல்வரை போய்விட்டார்.

தேவகி நாற்காலியை விட்டு எழவே இல்லை. அங்கிருந்தபடியே சொன்னாள்: "உன் முறைக்கு உன் தம்பி போவான். உன் கண்ணுக்கு யாரு போவா?"

பதினொரு பேர்

கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து எடுத்து, மிச்சம் இருந்தால் அழியட்டும் என்று கண்ணில் வெட்டிய இடத்தின் ஓரங்களைக் குளிரூட்டி உறையவைத்தார் டாக்டர். பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய்தான், ஆனால் மேல்தோலோடு நின்றிருந்தது, ஓரங்கள் சுத்தம். சில மாதம் சொட்டு மருந்து விட்டு, அடிக்கடி வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர்.

கட்டுப் பிரித்த சில நாளில், முதல் தடவை தவறவிட்டது நான்தான் என்று தசரதனிடம் சொன்னேன். சொல்லாவிட்டால் அந்த முகத்தை இன்னொரு தடவை பார்த்திருக்க முடியாது. தேவகி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தசரதன் எழுந்து போய்விட்டார். அடுத்த பசியாவரம் முகாமுக்கு, ஏற்கெனவே நான் அட்டை எழுதிய பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து என் மேசை முன்னால் நிறுத்தினார். "ஒவ்வொருத்தனையா வெளிச்சத்துல பாரு. மூக்கா காதானு சத்தமா சொல்லு, நாங்களும் கேட்டுக்கறோம்."

பதினொன்றும் மூக்குப் பக்கம்தான். ஆனாலும் ஊராரின் பார்வையைச் சோதிக்க இத்தனை முகாம் போடுகிற நாட்டில், சோதிப்பவர்களின் பார்வையைச் சோதிக்க ஒரு மீன்காரர்தான் வர வேண்டியிருந்தது.