தீனிப்பண்டாரத்துக்கு இங்கிலீஷ் வார்த்தை

கண்ணுங்களா, போன வாரம் கடைசி அதிரசத்துக்காக நீங்கள் அடித்துக்கொண்டபோது, சின்னவள் அண்ணனைத் தீனிப்பண்டாரம் என்று திட்டினாள். உங்கள் அம்மா சிரித்தாள். நான் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டேன். கோபமெல்லாம் இல்லை. அதே திட்டை இங்கிலீஷில் வாங்கியவன் நான். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம். செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் ஒரு வெள்ளைக்கார அம்மா குடியிருந்தார். மலையைப் பார்க்க வந்தவர், திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்டார். தொரசானி என்போம். கொஞ்சம் தமிழும் பேசுவார். அவருக்கு என் அம்மாதான் சமைத்துக் கொடுப்பாள். அதற்கென்று ஒரு அலுமினியத் தட்டும் டம்ளரும் கிணற்றடியில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். எங்கள் தட்டுகளோடு சேராது.

ஒரு ஆடி வெள்ளியன்று அந்தத் தட்டில் மூன்று வடை வைத்து என்னிடம் கொடுத்தாள் அம்மா. கிணற்றடியைத் தாண்டுவதற்குள் ஒன்று என் வாய்க்குள் போய்விட்டது. அதுதான் முதல் தடவை என்று சொன்னால் பொய். அறையில் தொரசானியின் சிநேகிதி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளும் வெள்ளைக்காரிதான். தொரசானி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே சிநேகிதியிடம் ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது ஒரே வார்த்தை: கார்ஜர்.

திங்கட்கிழமை இங்கிலீஷ் வாத்தியாரிடம் கேட்டேன். தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. தடித்த அகராதியை எடுத்து நெடுநேரம் புரட்டினார்.

"யாரும் பேசாத வார்த்தைடா இது. கண்டமேனிக்கு அள்ளித் துன்றவன்னு அர்த்தம். தீனிப்பண்டாரம்! யார சொன்னாங்க?"

"யாரயும் இல்ல சார்."

"அப்ப உன் காது ஏன்டா செவக்குது?"

வகுப்பே சிரித்தது. அடுத்தவர் தட்டில் கை வைத்தான் மகன் என்று அம்மா கேள்விப்பட்டால் என்ன ஆகும்? அன்று முதல் தொரசானி கிணற்றடிக்கு வந்து அம்மாவிடம் பேசும்போதெல்லாம் நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டேன். பேச்சு மழையைப் பற்றி இருக்கும். அதற்குள் எனக்கு வியர்த்துவிடும்.

நான் தீனிப்பண்டாரம் இல்லை என்று காட்ட ஒரே வழிதான் தோன்றியது. ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்துவிடுவேன். நாலு நாள் அப்படிப் போனது.

"இன்னாடா, காக்கா கொத்துற மாதிரி கொத்திட்டு எழுந்துக்கற? எவ கண்ணு பட்டுச்சோ!" என்று அம்மா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. திருஷ்டி ஜாஸ்திதான் என்று முடிவாகிவிட்டது.

"பின்கட்டு தொரசானி கண்ணுதாம்மா. வெள்ளிக்கிழம அவங்களுக்கு வடை குடுத்துட்டு வந்தான், அதுக்கப்புறந்தான் இவன் துன்றதில்ல" என்றாள் அக்கா.

அம்மா யோசித்தாள். "அப்பா வரட்டும். வேற எடம் பாத்துக்கச் சொல்லிடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தின்றவன் நான், தெருவுக்குப் போவது அவரா? மறுநாள் அம்மாவும் அக்காவும் கோயிலுக்குக் கிளம்பியதும் பின்கட்டுக்கு ஓடினேன். அழுகை முந்திக்கொண்டது.

"தொரசானிம்மா, அன்னிக்கி ஒரு வடைய நான்தான் துன்னுட்டேன். நான் கார்ஜர்தான். மன்னிச்சிடுங்க."

அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வாத்தியார் சொன்னதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"ரெண்டு வடைதான் வந்துது, ரெண்டும் சாப்ட்டேன். மூணுன்னு எனக்கு எப்டி தெரியும்? அது இங்கிலீஷ் வார்த்தை இல்ல. எங்க ஜனம் ரோமானி. எங்களுக்கு குதிரை வண்டிதான் வீடு. ஊர் ஊரா போவோம், தொரத்துவாங்க, அடுத்த ஊர் போவோம். எங்க ஆளுங்க இல்லாதவங்க எல்லாரும் எங்க பாஷையில கார்ஜர். நீ, உங்கம்மா, போலீஸ்காரன், எங்க ஊர் ராணி, எல்லாரும். அன்னிக்கி வந்தவளும் எங்க ஜனந்தான், எனக்கு சாப்பாடு கொண்டுவர்ற கார்ஜர் பையன் இவன்னு அவகிட்ட சொன்னேன்."

"அப்ப அது திட்டு இல்லியா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். கிணற்றடியைப் பார்த்தார்.

"உங்கம்மா எனக்கு தனி தட்டு வெச்சிருக்காங்க. அது திட்டா?"

"இல்லியே" என்றேன் உடனே.

"அப்ப இதுவும் இல்ல."

அவ்வளவு சீக்கிரம் ஏன் அந்தப் பதிலைச் சொன்னேன், அதைக் கேட்டு அவர் ஏன் என் தலையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் அன்று எனக்கு எட்டவில்லை. நான் தீனிப்பண்டாரம் இல்லை. அது போதும். அம்மா திரும்பி வந்து பார்க்கும்போது என் திருஷ்டி கழிந்திருக்க வேண்டும், தொரசானியைப் போகச் சொல்லக் கூடாது. நேராகச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சோற்றுப் பானையை மடியோடு அணைத்து, வேர்க்கடலைத் துவையலைத் தொட்டுத் தொட்டு, அடிப்பருக்கை வரை வழித்துத் தின்றேன்.