ஈயம் தேய்ந்த செம்பு

எங்கள் அடுப்படித் தட்டில் மச்சானின் பித்தளைச் செம்பு கவிழ்ந்திருக்கிறது. மச்சான் என் மனைவியின் அண்ணன். தெல்தோட்டை மலைத்தோட்டங்களின் கோப்பிக்கொட்டை மூட்டைகளை நாங்கள் இருவரும் மாட்டுவண்டிகளில் கண்டிக்கு ஏற்றிப் போன காலத்தில், வழியிலிருந்த எந்தச் சோற்றுக்கடையையும் அவர் நம்பியதில்லை. இலையை இரண்டு தடவை கழுவுவார், சோற்றை முகர்ந்து பார்ப்பார். கடைக்காரர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பார். கடைப் பாத்திரத்தில் வாய் வைக்கமாட்டார். ரசமென்றால் தன் செம்பில்தான்.

கண்டிக்குள் நுழைவதற்கு முந்திய வளைவில், புருஷனை இழந்த ஓர் அக்கா கடை வைத்திருந்தார். அவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் அதை நம்பித்தான் பிழைத்தார்கள். ஒருநாள் அங்கே சாப்பிட்டோம். மச்சான் புளிரசத்தைச் செம்பில் வாங்கி வண்டியில் மாட்டிவைத்து, மறுநாள் காலையில் குடித்தார். மத்தியானத்துக்குள் வயிறு இரண்டு வழியாகவும் போனது. வாந்திபேதி என்று சந்தேகம் வந்தாலே ஆளை வழியோரத்தில் விட்டுவிட்டுப் போகும் காலம் அது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எப்படியோ பிழைத்தார். பிழைத்ததும் முதல் வேலையாக வண்டிப்பேட்டை முழுக்க அந்தக் கடையின் பெயரைக் கெடுத்தார். அதே ரசத்தைக் குடித்த எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றேன். உனக்குக் கல்லும் செமிக்கும் என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன். அதன்பிறகு வண்டிகள் அந்த வளைவில் நிற்கவில்லை.

அடுத்த மழையில் வளைவுக்கு அப்பால் மண் சரிந்து பாதை அடைபட்டது. இரண்டு வேளை பட்டினி கிடந்த பிறகுதான் மச்சான் அந்தக் கடைக்குள் காலை வைத்தார். அடுப்பு கண்ணில் படும்படி உட்கார்ந்துகொண்டு, முதல் பிடிச் சோற்றை அக்காவையே சாப்பிடச் சொன்னார். அவரும் சாப்பிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு மச்சான் ரசத்துக்குச் செம்பை நீட்டினார். அக்கா அதை வெளிச்சத்தில் சாய்த்து, உள்ளே விரலை விட்டுத் தேய்த்தார். விரலில் பச்சைக் களிம்பு ஒட்டியிருந்தது.

"அண்ணே, ஈயமெல்லாம் தேஞ்சு போயிருச்சு. இதுல புளிய ஊத்தி வச்சா வெசந்தான். நான் ஊத்த மாட்டேன்."

ரசத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்து வைத்தார். மச்சான் அந்த விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். மறுவாரம் பேட்டையில் அவர் சொன்னது வேறு.

"அந்தக் கடைக்கு இன்னொரு தடவ போய்ப் பாத்தேன். அக்கா இப்ப திருந்திருச்சு. பயப்படாம போங்க."

வண்டிகள் திரும்பவும் நிற்கத் தொடங்கின. கூட்டமான ஒரு மத்தியானம், கடை திருந்திவிட்ட கதையை ஒரு வண்டிக்காரர் அக்காவின் காதுபடவே சொன்னார். சோறு பரிமாறிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

கோப்பிச்செடிகள் நோயில் அழிந்து, மலையெல்லாம் தேயிலை ஆகிவிட்டது. மச்சானும் போய்ச் சேர்ந்தார். செம்புக்கு நான் ஈயம் பூசிவைத்திருக்கிறேன். அதைத் துலக்கும்போதெல்லாம் என் மனைவி, விஷம் வைத்த கடைக்கே திரும்பிப் போய் அதை வாழவைத்தவர் தன் அண்ணன் என்று பெருமையாகச் சொல்வாள். "எங்க அண்ணனுக்குப் பெரிய மனசு" என்பாள். நான் செம்பை வாங்கி, உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு, திரும்பவும் கவிழ்த்துவைக்கிறேன்.