பாதிக் கட்டில்

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நாலு பேரைச் சிரிக்க வைத்தே காலம் தள்ளுகிற ஆள்தான் நான். ஆனால் இது கேட்ட கதை இல்லை, என் உடம்பில் நடந்தது. பின்மண்டையில் ஒரு கை அகலத்துக்கு, இன்றைக்கும் அந்த இடம் மட்டும் சில்லென்று இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் எடைதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நண்பனின் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கென்றே யாரிடமோ கெஞ்சி ஒரு மடக்குக் கட்டில் வாங்கி வைத்திருந்தான். பையை இறக்கிவிட்டு அதில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது மட்டும்தான் நான் செய்த தப்பு. நடுவில் இரண்டாக முறிந்தது.

"யானைக்கும் தாங்கும்னு சொல்லித்தான் குடுத்தாங்க சம்மந்தி," என்றான் சோகமாக.

நாங்கள் சம்பந்திகளானது எட்டாம் வகுப்பில். என் மகனுக்கு அவன் மகள் என்று பெஞ்சில் உட்கார்ந்து பேசி முடித்தோம். முப்பத்தைந்து தாண்டியாயிற்று. இருவருக்கும் இன்னும் கல்யாணமே ஆகவில்லை. சம்பந்தம் மட்டும் முறியாமல் இருக்கிறது.

பிழைப்புக்கு ஒரே நாட்டுக்கு வந்தும் வேறு வேறு ஊரில் மாட்டிக்கொண்டோம். அவன் ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்தைக் கட்டி மேய்க்கிறான். நான் ஓர் அச்சகத்தில் இரவுக் காவல். அச்சகம் அடுத்த மாதம் அவன் ஊருக்கே இடம் மாறுகிறது. கூடவே நானும் மாற வேண்டும். அந்த ஊரில் தலை சாய்க்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. அவன் அறைதான் ஒரே நம்பிக்கை. ஊர் சுற்றுவது பேருக்கு. நான் கட்டில் பார்க்கத்தான் போயிருந்தேன்.

பெண் பார்ப்பதுபோல் கட்டில் பார்ப்பதா என்று கேட்காதீர்கள். அந்த அறையில் ஒரே கட்டில். அதை இரண்டு பேர் பங்கு போட்டிருந்தார்கள். இரவு முழுக்கச் சம்பந்தி. காலை ஆறிலிருந்து மாலை ஐந்து வரை 'அண்ணன்'. மீன் குளிர்கிடங்கில் இரவு வேலை பார்க்கிறவர். நான் பார்த்ததில்லை. அவர் காலி பண்ணினால் பகல் பாதி எனக்கு.

அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம். எழுந்து போகிறவன் தலையணையைத் திருப்பிப் போட வேண்டும். வருகிறவனுக்குச் சூடு படாத பக்கம். வாரக்கணக்கில் முகம் பார்த்துக்கொள்ளாத இரண்டு பேர், அந்தத் தலையணை வழியாகத்தான் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

மடக்குக் கட்டில் போய்ச் சேர்ந்ததால் அன்றிரவு பெரிய கட்டில் எனக்கு. அவன் தரையில். கதவுக்குப் பின்னால் கொக்கியில் தடித்த மேலங்கி ஒன்றும் நீலக் கையுறைகளும் தொங்கின. குளிர்கிடங்குக்காரர் இதையெல்லாம் விட்டுவிட்டா வேலைக்குப் போவார் என்று கேட்டேன். வேற ஜோடி இருக்கும் என்றான். சரி, அண்ணன் எப்போது காலி பண்ணுகிறார் என்று கேட்டேன்.

"பண்ணிடுவார்... பண்ணிடுவார்," என்று விளக்கை அணைத்தான்.

ஐந்தரைக்கே எழுப்பிவிட்டான். சனிக்கிழமை! அண்ணன் வருகிற நேரமாம். தலையணையைத் திருப்பிப் போட்டு, போர்வையை ஓரம் விலக்கி வைத்து, என்னைத் தள்ளிக்கொண்டு கிளம்பினான்.

அன்றைக்குப் போட்ட ஆட்டம் சொல்லி மாளாது. ராட்டினத்தில் ஏறினோம். உச்சியில் நின்றபோது மறுபடி கேட்டேன், அண்ணன் எப்போது என்று. அதோ பார் எங்கள் ஃபேக்டரி புகை என்று கையை நீட்டினான். அப்புறம், குளிர் தொடங்கியும் மூடாமல் வைத்திருந்த ஏரியில் மிதிபடகு. நான் கால் வைத்த பக்கம் படகு சாய்ந்தது. இடுப்புவரை தண்ணீர். கரையில் இருந்த குழந்தைகள் கைதட்டினார்கள். சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நாளாகியிருக்கும் என்று ஏனோ தோன்றியது.

நனைந்த கோழியாக நடுங்கியதால் மூன்று மணிக்கே திரும்ப வேண்டியதாயிற்று. கதவைத் திறக்கும் முன் இரண்டு முறை தட்டினான். சாவி அவன் கையில்தான் இருந்தது.

கட்டிலில் யாரும் இல்லை. ஆனால் காலையில் அவன் திருப்பிப் போட்ட தலையணையில், நடுவே ஒரு பள்ளம். தலை வைத்து எழுந்த பள்ளம்.

நான் உடை மாற்றுவதற்குள் தொழிற்சாலையிலிருந்து போன். இயந்திரம் நின்றுவிட்டதாம். கழுத்துத்துண்டைச் சுற்றிக்கொண்டு, ஆறு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொன்னான்.

"நாற்காலியில உக்காரு. கட்டில்ல மட்டும் படுக்காத."

"ஏன், அண்ணன் வந்துடுவாரா?"

"இன்னிக்கு வரமாட்டார்."

"அப்ப என்னடா?"

படியிறங்கிப் போய்விட்டான்.

நாற்காலியை ஒருமுறை பார்த்தேன். அதன் கால்களையும் பார்த்தேன். ஒரே வீட்டில் இரண்டு கொலை வேண்டாம் என்று கட்டிலில் ஏறிப் படுத்தேன். நாளைக்கு என்னுடையதாகப் போகிற கட்டில். ஓட்டிப் பார்க்க வேண்டாமா?

அந்த நாட்டில் பனிக்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். விழித்தபோது ஜன்னல் கறுத்திருந்தது. எழுந்து குளியலறைக்குப் போய்விட்டு வந்தேன். விளக்கைப் போடவில்லை. மறுபடி படுத்தேன்.

மெத்தை ஐஸ் மாதிரி இருந்தது.

ஒரு மணி நேரம் புரண்ட இடம். என் உடம்புச் சூட்டுக்கு ஒரு குடும்பமே குளிர் காயலாம். எங்கே போயிற்று அந்தச் சூடு? தலையணையைத் தொட்டேன். தூக்கத்தில் நான் வடித்த எச்சில் ஈரம் மேலே இல்லை. கையை அடியில் விட்டுப் பார்த்தேன்.

அடிப்பக்கம் இருந்தது.

நானேதான் பழக்கதோஷத்தில் திருப்பியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். ஒரே நாளில் என்ன பழக்கதோஷம்? ஈரப் பக்கத்தை மேலே வைத்தேன். போய்த் தண்ணீர் குடித்தேன். நாலே எட்டு வைக்கிற தூரம்தான். திரும்பி வந்தேன்.

தலையணை திரும்பியிருந்தது.

போர்வை ஓரமாக விலகியிருந்தது. 'வா, படு' என்பதுபோல்.

ஓடியிருக்க வேண்டும். கதவோ அந்த மேலங்கிப் பக்கம். கட்டிலில் விழுந்து, போர்வையை இழுத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடினேன். கண்ணை மூடினால் எதுவும் இல்லை என்கிற சின்ன வயசுக் கணக்கு.

கதவுப் பக்கம் ஒரு சத்தம்.

சர்ர்ர்ர்...

மேலங்கியின் ஜிப். மெதுவாக, மேலிருந்து கீழே.

காலடி இல்லை.

கால்மாட்டில் மெத்தை அமுங்கியது. யாரோ உட்கார்ந்த மாதிரி. வேலை முடிந்து அசந்து வந்தவர் உட்காருகிற மாதிரி. மீன் வாடை. ஐஸ் வாடை.

காத்திருந்தது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மெத்தை மேலெழுந்தது. பிறகு என் தலைமாட்டில் அமுங்கியது.

பின்மண்டைக்கு அடியில்... ஒரு கை நுழைந்தது.

சில்லென்ற கை.

என் தலையைத் தூக்கியது. பதமாக. குழந்தையைத் தூக்குவதுபோல.

தலையணை உருவப்பட்டது.

திரும்பியது.

தலையை மெல்ல இறக்கி வைத்தது.

...

எப்படிக் கீழே வந்தேன் என்று கேட்காதீர்கள். தெருமுனையில் துணி துவைக்கும் கடை. இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. வெளிச்சம் இருந்தது. ஒரு காலில் மட்டும் காலுறையோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குச் சம்பந்தி ரொட்டிப் பையோடு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான். கேலி செய்யவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

நடந்ததைச் சொன்னேன். ஜிப்புக்கும் மீன் வாடைக்கும் அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். தலையைத் தூக்கிய இடம் வந்ததும் ஆட்டுவதை நிறுத்திவிட்டான்.

அப்புறம் அவன் சொன்னது இது. போன மாதம் ஒரு நாள், எதையோ மறந்துவிட்டு மத்தியானம் அறைக்கு வந்திருக்கிறான். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தைத் தலையணையில் புதைத்து, நல்ல தூக்கம். பாவம், சூடாக இருக்குமே என்று, எழுப்பாமல் தலையைத் தூக்கி, தலையணையைத் திருப்பிப் போட்டு, போர்வையை இழுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான்.

"சாயங்காலம் வந்தேன். வெச்சது வெச்சபடி இருந்தார்." ரொட்டிப் பையின் வாயை முறுக்கிக்கொண்டே இருந்தான். "காலையிலயே போயிட்டாராம். டாக்டர் சொன்னாங்க."

"அப்ப மத்தியானம் நீ..."

"ஆமா. தலையைத் தூக்குறப்ப சில்லுன்னுதான் இருந்துச்சு. மீன் கிடங்குலேர்ந்து வந்தவர்தானேன்னு விட்டுட்டேன்."

காலுறை இல்லாத காலை மடக்கிக்கொண்டேன். நான் கண்ணைத் திறக்கவே இல்லை, செத்தவன் மாதிரி கிடந்தேன் என்று சொன்னேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இனிமே அப்படிக் கெடக்காத. நான் செத்தவரைத் தூங்குறார்னு நெனச்சேன். தூங்குறவங்களப் பாத்தா அவர் என்ன நெனக்கிறாரோ... தெரியல. என்கிட்ட வர்றப்ப எழுந்து உக்காந்துடுவேன். அவரும் போயிடுவார்."

இதோடு ஒரு மாதம் தனியாக இருந்திருக்கிறான் படுபாவி. பெட்டியைக் கட்டு, என்னோடு வா, இரண்டு பேரும் அச்சகத்துக் காவல் அறையில் உட்கார்ந்தே தூங்கலாம் என்றேன். சிரிப்பான் என்று பார்த்தேன். முடியாது என்று தலையாட்டினான். காலையில் தலையணையைத் திருப்பிப் போட ஆள் வேண்டாமா என்றான்.

இயந்திரம் ஒன்று உருண்டு நின்றது. வெள்ளிக்கிழமையிலிருந்து கேட்ட அதே கேள்வியைக் கடைசியாக ஒரு தடவை கேட்டேன்.

"மழுப்பாம சொல்லு சம்மந்தி. அண்ணன் காலி பண்ணுவாரா, மாட்டாரா?"

எதிரே, தன் அறையின் மூன்றாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தான். நாங்கள் போடாத விளக்கு அங்கே எரிந்துகொண்டிருந்தது.

"மாட்டார்."