இரவல் கை

வலது கையை மட்டும் தனியாகக் கழுவுவாள் ஞானசுந்தரி. முகம் கழுவுவது, கால் அலம்புவது எல்லாம் அவசர அவசரமாக முடிந்துவிடும். வலது கைக்கு மட்டும் முழங்கைக்கு மேல்வரை சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, நகத்தை ஒட்ட வெட்டி வைப்பாள். இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவள் விளக்குவதைப்போல இருக்கும்.

மானாம்பதிப் பக்கம் அந்தக் கையைத் தெரியாத மாட்டுக்காரர் இல்லை. நாற்பத்தெட்டு வயதிலும் பத்து வயதுப் பிள்ளையின் வளையல்தான் அதில் ஏறும். கன்று தலை திரும்பியோ கால் மடங்கியோ மாட்டின் வயிற்றில் சிக்கிக்கொண்டால், டாக்டர் வந்து சேர்வதற்குள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆண்களின் கை நுழையாத இடத்தில் அது நுழையும். கண்ணுக்குத் தெரியாததை விரலால் பார்த்து, மடங்கிய காலை நிமிர்த்திவிடும். கூலி வாங்கமாட்டாள். சீம்பால் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். "நான் இன்னா படிச்சா கத்துக்கினேன்? அவரு குடுத்து வச்சிக்கிறாரு" என்பாள். அவர் என்றால் கர்த்தர்.

மிளகாய் அரைக்கமாட்டாள். கருக்கரிவாளை இடது கையால்தான் பிடிப்பாள். "எம் பொண்டாட்டிக்குக் கலெக்டர் கை. கையெழுத்து போடத்தான் வராது" என்று கணவர் தாமோதரன் கிண்டல் செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இரண்டு மாதமாகச் சிரிப்பில்லை. மாகறலில் ஒரு கன்றைத் திருப்பி வெளியே எடுத்தாள், உயிர் இல்லை. சாயங்காலம் மாடும் போய்விட்டது. மாட்டுக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவள் கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து போன் அடித்தால் தயங்கித்தான் எடுக்கிறாள். இரண்டு முறை எடுக்காமலே விட்டாள். கூப்பிட்டவர்களின் மாடுகள் என்னவாயின என்று கேட்கவும் துணியவில்லை.

போன ஞாயிறு சபையில், எஜமான் நம்பிக் கொடுத்த தாலந்துப் பணத்தைப் பெருக்காமல் மண்ணில் புதைத்து வைத்து, அதற்காக இருட்டில் தள்ளப்பட்ட வேலைக்காரனைப் பற்றிப் பாஸ்டர் பேசினார். நூறு தடவை கேட்ட கதைதான். அன்றைக்கு அவள் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் கணவரிடம் கேட்டாள்.

"அந்த ஆளு திருடல, குடிக்கல. பயந்தான், அவ்ளோதான? அதுக்கே இருட்டுல தள்ளிட்டாரே."

 கை வைத்தால் இன்னொரு உயிர் போய்விடுமோ என்று ஒரு பயம். வைக்காவிட்டால் கொடுத்தவர் கேட்பாரே என்று ஒரு பயம். இரண்டுக்கும் நடுவில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் செல்லம்மாளே நேரில் வந்து நின்றாள். நாலு வீடு தள்ளி இருப்பவள். ஒற்றை மாட்டின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிக் குடும்பம் நடத்துகிறவள். மாடு விடியலிலிருந்து முக்குகிறது, கன்றின் ஒரு கால்தான் வெளியே தெரிகிறது, வேறு ஊருக்குப் போயிருக்கும் டாக்டர் வர மத்தியானமாகும் என்றாள்.

"எனக்குக் கை நடுங்குதுக்கா" என்றாள் ஞானசுந்தரி.

"நடுங்கட்டும். நடுங்கற கையையே எட்த்துக்கினு வா. என் கை உள்ள போவாது."

மாடு கொட்டகையில் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டாள். கன்றின் தலை பின்னால் திரும்பியிருந்தது. மாகறலிலும் இப்படித்தான். மாடு முக்கியபோது மணிக்கட்டு நசுங்கியது. தடவித் தடவிக் கன்றின் வாய்க்குள் விரலை வைத்தாள். உயிர் இருந்தால் சப்பும். சப்பவில்லை. நாக்குதான் குளிர்ந்துவிட்டதா, தன் விரல்தான் மரத்துப்போனதா, தெரியவில்லை. முதுகெல்லாம் வேர்த்து ஊற்றியது.

"உயிர் கீதா, சுந்தரி?"

"தெரிலக்கா. நீ வாலை ஒதுக்கிப் புடி."

கையை உருவிக்கொள்ளவில்லை. சாணி ஈரத்திலேயே ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தை மாட்டின் தொடையோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, கன்றின் தலையை நிமிர்த்தக் கையைத் தோள்வரைக்கும் உள்ளே விட்டாள்.