பிரேக்கைத் தடவியவன்

லண்டனில் இருபத்திரண்டு வருடம் கார் ஓட்டியதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. கார் நின்றதே தெரியாத அளவுக்கு மெதுவாக நிறுத்துவேன். பின் சீட்டில் இருப்பவர்கள் தூங்கிப்போவார்கள். என் மனைவி அப்படியில்லை. பிரேக்கைக் கரப்பான்பூச்சியை மிதிப்பது போல மிதிப்பாள். பக்கத்தில் இருந்து, மெல்ல, மெல்ல என்று சொல்லியே எனக்குத் தொண்டை காய்ந்துவிடும்.

எனக்கு முழங்கால் வலி வந்ததும், கிளச் மிதிக்க வேண்டிய பழைய காரைக் கொடுத்துவிட்டு, இரட்டைக் கிளச் வைத்த ஓட்டோமெட்டிக் ஒன்று வாங்கினோம். ஒரு வருடம் சுகமாகப் போனது. பிறகு நெரிசலில் நின்று கிளம்பும்போதெல்லாம் கார் உதறத் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போக மேட்டில் ஏறுகையில் ஏதோ எரிகிற மணம் வந்தது. முன்னால் போகும் பஸ்ஸிலிருந்து வருகிறது என்றேன். பஸ் வேறு பக்கம் திரும்பிய பிறகும் மணம் எங்களோடேயே வந்தது. மனைவி கண்ணாடியை இறக்கினாள்.

மறுநாள் அப்டன் பார்க்கில் கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரரிடம் போனோம். அவர் என் பக்கத்தில் ஏறி, ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். மனைவி பின்னால் இருந்தாள். சனிக்கிழமைச் சனத்துக்குள் என் முழுத் திறமையையும் காட்டினேன். பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அங்குலம் அங்குலமாக ஊர்ந்தேன். வழியில் ஒரு பாலத்து ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல், அக்சிலரேட்டராலேயே காரைத் தாங்கி நிறுத்தினேன்.

"அண்ணை, நீங்கள் பிரேக்கை மிதிக்கேல்லை. தடவுறியள்," என்றார் அவர்.

பின் சீட்டில் மனைவி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஓட்டோமெட்டிக் என்றாலும் உள்ளே கிளச் இருக்கிறது, நின்றதும் பிரேக்கை நன்றாக அழுத்தினால்தான் அது பிடியை முழுதாக விடும், அரைகுறையாகப் பிடித்தால் உரசித் தேயும் என்று விளக்கினார். ஏற்றத்தில் நான் செய்தது அதைவிட மோசமாம். நெரிசலில் ஊரக் கூடாது. முன்னால் இடம் விழும்வரை நின்று, பிறகு ஒரேயடியாகப் போக வேண்டும்.

திரும்பி வரும்போது மனைவியை ஓட்டச் சொன்னார். முதல் சிவப்பு விளக்கிலேயே மூவரும் முன்னால் ஒருமுறை குனிந்து எழும்பினோம்.

"அக்கான்ர கால்தான் இந்தக் காருக்குச் சரி," என்றார்.

நிறுத்துவதை மெதுவாக நிறுத்தலாம், நின்ற பிறகு அழுத்தினால் போதும் என்றும் சொன்னார். அந்தப் பாதி அவள் காதில் விழவில்லை. கிளச் இன்னும் போய்விடவில்லை, பழக்கத்தை மாற்றினால் தாங்கும் என்று அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு நான் ஓட்டினேன். சொன்னபடி இடம்விட்டு நின்றேன். விட்ட இடத்திலெல்லாம் ஒவ்வொரு கார் வந்து புகுந்தது. பின்னால் ஒரு வான்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. எனக்குக் கால் துறுதுறுத்தது, ஊர்ந்துவிடலாமோ என்று.

"அவங்கள் போகட்டும். நீங்கள் பிரேக்கை அமத்திப் பிடியுங்கோ," என்றாள் மனைவி. இருபத்திரண்டு வருடத்தில் அவள் எனக்குச் சொல்லித்தந்த முதல் கார் ஓட்டும் பாடம் அது. குரலில் அவ்வளவு கனிவு.

இரண்டு மாதத்தில் உதறல் நன்றாகக் குறைந்துவிட்டது. இப்போது ஊருக்குள் அவள்தான் ஓட்டுகிறாள். பர்மிங்காமில் மகள் வீட்டுக்குப் போகும்போது மட்டும், மோட்டர்வேயில், எங்கும் நிற்கத் தேவையில்லாத அந்த இரண்டு மணிநேரம் என்னிடம் சாவி தரப்படுகிறது.