எதிர்மரை

அந்தக் கோடையில் எங்கள் வீட்டு விளக்குக்கு வாங்கிய மண்ணெண்ணெயில் பாதியை ஒரு சைக்கிள் குடித்தது.

சைக்கிள் எங்களுடையது இல்லை. அப்பா பண்ணை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டுப் பெரியவருடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் சுரக்குடியில் எல்லோரும் அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்பார்கள். கப்பலில் ஊர் திரும்பும்போது மனைவிக்கென்று வாங்கி வந்த சைக்கிள் அது. நடுக்கம்பி இல்லாதது, வெளிர்பச்சை நிறம். அந்த அம்மா ஒருநாள்கூட அதில் ஏறவில்லை. கொல்லைத் தாழ்வாரத்தில் சாத்திவைத்து அதன்மேல் ஈரப் புடவையைக் காயப்போட்டார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் சைக்கிள் அங்கேயே நின்று, புடவை சொட்டிய இடமெல்லாம் துரு ஏறிக்கிடந்தது.

நான் எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு தேறியிருந்தேன். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் எனக்கு முன்னால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் யாரும் இல்லை. மேலே படிக்கக் காரைக்கால் போக வேண்டும். திருநள்ளாறு வரை நடந்து போய் பஸ் பிடிப்பது தினமும் ஆகிற காரியம் இல்லை, சனிக்கிழமை என்றால் சனீஸ்வரன் கோவில் கூட்டம், சொல்லவே வேண்டாம். அப்பா தயங்கித் தயங்கிச் சொல்தாவிடம் சைக்கிளைக் கேட்டார்.

"எடுத்துட்டுப் போ. ஓடுனா உம் பொண்ணுக்கு. ஓடலைன்னா இருந்த மாதிரியே கொண்டாந்து வச்சுடணும். பேரீச்சம்பழத்துக்குப் போட்டேன்னு எங் காதுல விழக் கூடாது" என்றாராம்.

பள்ளி திறப்பதற்குள் சைக்கிள் ஓடினால் நான் படிப்பேன், ஓடாவிட்டால் அம்மாவோடு வயலுக்குப் போவேன். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சைக்கிளை அப்பா தோளில் தூக்கித்தான் கொண்டுவந்தார். அதில் வேலை செய்தது மணி ஒன்றுதான். தம்பி நாள் முழுக்க அதை அடித்துக்கொண்டிருந்தான். பெடல் ஒரு அங்குலம்கூடச் சுற்றவில்லை. பெடலைத் தாங்கும் அச்சு இரண்டு பக்கமும் இரும்புக் கிண்ணம் போன்ற கப்புகளுக்குள் சுழலும். கப்புக்குள் இருந்த பால்ஸ் என்கிற இரும்புக் குண்டுகள் எல்லாம் துருப்பிடித்து அச்சோடு ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. கப்பைக் கழற்றினால்தான் எதையும் செய்யலாம்.

மாமா வந்தார். அம்மாவின் தம்பி. எல்லைக்கு அந்தப் பக்கம் பேரளத்தில் சைக்கிள் கடையில் வேலை. எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் என்று கேலி செய்வார். அவர் கைபட்டு ஓடாத சைக்கிள் இல்லை என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். இடப்பக்கக் கப்பு ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறியதும் மறுநாள் கழன்று வந்தது. மாமா அதை என் கையில் கொடுத்து, அடுத்ததும் இதோ என்றார்.

சங்கிலி இருக்கும் வலப்பக்கக் கப்பு வரவில்லை.

மாமா எனக்கு விளக்கினார். உலகத்தில் எந்தத் திருகாணியும் இடப்பக்கம் திருப்பினால் கழலும், வலப்பக்கம் திருப்பினால் இறுகும். சைக்கிளில் இந்தக் கப்பு மட்டும் நேர்மாறு. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இதற்கு எதிர்மரை என்று பெயர். மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறான். தொழில் தெரியாதவன் இதை இடப்பக்கம் திருப்பித் திருப்பி இறுக்கிவிடுவான் என்றார். இலக்கணத்தில் நான் எதிர்மறை படித்திருந்தேன். இதையும் அதே ற போட்டுத்தான் மனதுக்குள் எழுதிக்கொண்டேன். மாமாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்று பெருமையாக இருந்தது.

அப்பா சைக்கிளை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மாமா ஸ்பேனரை மாட்டி வலப்பக்கம் திருப்பினார். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பெயர்ந்தது. பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கித் திருப்பினார். குழாய் வளைந்தது, கப்பு அசையவில்லை. மண்ணெண்ணெய் போதாது என்று தேங்காயெண்ணெய் கலந்தார். அது சரியில்லை என்று தையல் மிஷின் எண்ணெய் வாங்கி வந்தார். பேரளத்துக்குப் போவார், இரண்டொரு நாளில் திரும்பி வருவார், சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். அவர் இல்லாத நாட்களில் எண்ணெய் விடுவது அம்மாவின் வேலை. விடியற்காலை வேலைக்குக் கிளம்பும் முன்பும் சாயங்காலம் வந்த பிறகும், ஒரு கோழி இறகை மண்ணெண்ணெயில் தோய்த்து அந்தக் கப்பின் விளிம்பில் சொட்டுச் சொட்டாக விடுவாள். பிறகு அம்மிக் குழவியால் மெதுவாகத் தட்டுவாள். ஒருநாளும் மறக்கவில்லை. விளக்கில் எண்ணெய் குறைந்ததால் சாப்பாட்டைப் பொழுதோடு முடித்துக்கொண்டோம்.

அதற்குள் குறுவை நடவு தொடங்கிவிட்டது. பள்ளி திறக்கவில்லை என்பதால் நானும் போனேன். அம்மாவுக்குத் தம்பி பிறந்ததிலிருந்து இடுப்பு வலி. நடவில் எல்லோரும் ஒரே வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும். ஒருத்தி நிமிர்ந்து நின்றால் அவள் பங்கு அப்படியே நின்றுவிடும், வரிசை அவளை விட்டுவிட்டுப் போய்விடும். வரப்பிலிருந்து ஏச்சு வரும். அம்மா என்னைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வாள். அவள் இடுப்பில் கைவைத்து நிமிரும்போதெல்லாம் நான் எட்டி அவள் பங்குக்கும் சேர்த்து நட்டுவிடுவேன். எனக்குக் கை வேகம். படிப்பில் மட்டும் இல்லை, இதிலும் நான்தான் முதல் என்று நினைத்துக்கொள்வேன்.

எண்ணெய் தோற்ற பிறகு மாமா நெருப்பைக் கையில் எடுத்தார். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, கப்பு இருக்கும் இடத்தைச் சுற்றி வறட்டியை அடுக்கிக் கொளுத்தினார். இரும்பு சூட்டில் விரியும், துரு நொறுங்கும் என்றார். வெளிர்பச்சைப் பெயிண்ட் கொப்புளித்துக் கருகியது. சூடு இருக்கும்போதே மெழுகுவத்தியைக் கப்பின் விளிம்பில் தேய்த்தார். மெழுகு உருகி மரைக்குள் ஓடியதை நானே பார்த்தேன். பிறகு ஈரச் சாக்கால் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்கம் திருப்பினார். தம்பி மணியடித்தான். மாமா அவனை ஒரு அறை அறைந்தார். அவர் யாரையும் அடித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டு அத்தை தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பொட்டப்புள்ள சைக்கிளேறி காரைக்காலுக்குப் போவணுமாம், அதுக்கு வீட்டையே கொளுத்துறானுவ. கப்புல மரை இருக்கோ இல்லியோ, இவனுக்கு மரை கழண்டுபோச்சு" என்றார். மாமா நிமிரவில்லை. "உங்க பிரெஞ்சு ஊர்ல இரும்புகூட அடம் பிடிக்குது" என்று மட்டும் சொன்னார். குரலில் கேலி இல்லை, களைப்புதான் இருந்தது.

இப்படியே நாள் ஓடியது. நெருப்பு, எண்ணெய், மறுபடி நெருப்பு. பள்ளி திறக்க ஒரு வாரம்கூட இல்லை. ஒரு சாயங்காலம் அப்பா போதும் என்றார். அவர் சொன்ன விதத்தில் கோபம் எதுவும் இல்லை. நாளைக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றார். நான் அழவில்லை. அழுதால் ஆசைப்பட்டது தெரிந்துவிடும். மாமா இடப்பக்கக் கப்பைத் துடைத்துப் பழைய இடத்தில் மாட்டினார். பெயிண்ட் கருகியதற்குச் சொல்தாவிடம் என்ன சொல்வது என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"மாப்ள, இத்தினி இழுப்பு இழுத்திருக்கியே, அந்தக் கப்பு கொஞ்சமாவது அசைஞ்சிருக்குமா?"

"மயிரிழை அசைஞ்சிருந்தாலும் அசைஞ்சிருக்கும் மச்சான்."

"அப்ப இறுக்கிடு. குடுத்தவர் கையில குடுக்கும்போது இருந்த மாதிரியே இருக்கணும்."

மாமா ஸ்பேனரை மாட்டினார். இறுக்குவதற்காக, அந்தக் கோடையில் முதல்முறையாக, இடப்பக்கம் திருப்பினார். கதவுக் கீல் போல ஒரு கிறீச்சிட்ட சத்தம். கப்பு சுற்றியது. மாமா கையை எடுத்துவிட்டு அதையே பார்த்தார். மறுபடி திருப்பினார். மெழுகும் எண்ணெயும் துருவும் கலந்த கறுப்புச் சேறு வழிந்தது. பிறகு ஸ்பேனரே வேண்டாம், விரலாலேயே திருகி எடுத்துவிட்டார்.

பிறகு மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, சூடு அளவுக்கு மேல் போனால் சில சமயம் மரை திரும்பிக்கொள்ளும், அது பெரிய கடைக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்றார். அப்பா தலையாட்டினார். நானும் நம்பினேன்.

அம்மா அப்போதுதான் கால் கழுவிவிட்டு வந்தாள். சைக்கிளை அவள் கிட்டேபோய்ப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"கழண்டுடுச்சாடா?"

"கழண்டுடுச்சுக்கா."

"திரும்ப இறுகிக்காதுல்ல?"

மாமா சிரித்தார். அதான் கையில் இருக்கிறதே என்று கப்பைத் தூக்கிக் காட்டினார். எனக்கு அம்மாவின்மேல் எரிச்சலாக இருந்தது. இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது, முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை, ஒன்றும் தெரியாமல் ஒரு கேள்வி. படிக்காதவள் வேறு எப்படிக் கேட்பாள் என்று நினைத்தேன். அன்று ராத்திரி கோழி இறகு எரவாணத்தில் செருகியபடியே இருந்தது.

அதே கப்பைக் கழுவி, புது பால்ஸ் போட்டு, மாமா சைக்கிளை ஓடவைத்தார். மாதாகோவில் திடலில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி எனக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். நான் பத்தாவது முடித்து, அதற்கு மேலும் படித்து, இப்போது வேலைக்குப் போவதும் அதே சைக்கிளில்தான். போன வருடம் கப்பு தேய்ந்துபோய்க் காரைக்காலில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பார்த்தவுடன், இது பிரெஞ்சு சைக்கிள், இதில் எதிர்மரை கிடையாது, இரண்டு பக்கமும் நேர்மரைதான், நம் ஊர்க் கப்பு இதற்குச் சேராது என்றார். அந்தக் கோடை முழுக்க நெருப்பும் எண்ணெயும் இளக்கியதை மாமாவின் கை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை.

பள்ளி திறந்த அன்று புதுத் தாவணியில் சைக்கிளேறினேன். எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்று பார்த்தார். நடவு இன்னும் முடியவில்லை. சாலையை ஒட்டிய வயலில் வரிசை குனிந்திருந்தது, அம்மா ஓரத்தில் இருந்தாள். அவள் பக்கத்தில், நான் நின்ற இடத்தில், வேறு ஒருத்தி தன் பங்கை மட்டும் நட்டுக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெண்கள் எல்லோர் முன்னாலும் அம்மா என்னைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வண்டியை மெதுவாக்கி மணியடித்தேன். ஒவ்வொருத்தியாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள், ஒருத்தி கையைக்கூட ஆட்டினாள். மறுபடியும் அடித்தேன்.

அம்மா நிமிரவில்லை. நாற்றைப் பிரித்து நட்டுக்கொண்டே பின்னால் போனாள்.

காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. மணிச் சத்தம் அவள் காதில் விழவில்லை என்றுதான் நினைத்தேன்.