பத்துக்கு நாலு

ஜமுனாமரத்தூரில் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் மெஷின் ஓடி முடிகிற வரைக்கும் எதையாவது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர்கள் பார்க்கிற இடத்தில் லேமினேட் செய்த ஒரு தாள் மாட்டியிருக்கிறேன். ஒரு வீடியோ கேமுக்கு எழுதப்பட்ட விமர்சனம் அது. மேலே கொட்டை எழுத்தில் பத்துக்கு நாலு என்று இருக்கும். “யாரு மார்க்கு இது, உன் பொண்ணோடதா? நாலு மார்க்குக்குப் போயி கண்ணாடி மாதிரி அட்டை போட்டு வெச்சிருக்கியே” என்று தாலுகா ஆபீசுக்கு வருகிற ஒரு அம்மா வாரம் தவறாமல் கேட்பார். என்னோடதுதான் என்று சொன்னால் நம்ப மாட்டார். எனக்கும் விளக்கிச் சொல்லப் பொறுமை கிடையாது. ஆதார் நகலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அந்த நாலு மார்க்கில் பாதி என்னுடையது, மீதி அந்த கேமை வடிவமைத்த எங்கள் டிசைனருடையது. அவரை இங்கே டிசைனர் என்றே சொல்கிறேன். ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நான் ஒருத்திதான் ‘சார்’ என்று கூப்பிட்டேன். காட்பாடியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். பன்னிரண்டு பேர், ஒரே ஒரு ஏசி, அதுவும் கம்ப்யூட்டர்களுக்காக. டிப்ளமோ முடித்துவிட்டு மலையிலிருந்து இறங்கிப் போன எனக்கு அங்கே டெஸ்டர் வேலை. நாள் முழுக்க கேம் விளையாடி எங்கே கோளாறு என்று எழுதித் தர வேண்டும். ஊரில் இதைச் சொன்னபோது, சம்பளம் கொடுத்து விளையாடச் சொல்கிறவன் எவன் என்று எங்கள் அண்ணன் ஒரு மாதம் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தான்.

டிசைனர் வேலூர்க்காரர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர் இருப்பார். வேர்க்கடலை தின்றுகொண்டே வேலை பார்ப்பார், தோல் கீபோர்டுக்குள் போய் விழும். வாய் மோசம், கோபம் அதைவிட மோசம், ஆனால் வேலையில் யாரையும் ஏமாற்றியதில்லை. முதல் வாரமே என் ரிப்போர்ட்டைத் தூக்கி மேசையில் போட்டார். “இன்னாம்மா இது, பக்கத்துக்குப் பக்கம் நல்லா இருக்குது, நல்லா இருக்குது. கல்யாண சாப்பாடா இது? எங்க கோவம் வந்துச்சோ, அத எழுது” என்றார். அன்றிலிருந்து அப்படியே எழுதினேன். இரண்டாம் கட்டத்தில் பூதம் மூன்று முறை எழுந்தபோது கோவம் வந்தது. பாலத்திலிருந்து விழுந்தபோது என் மேலேயே கோவம் வந்தது. அவர் அதையெல்லாம் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திருத்துவார்.

நாங்கள் செய்தது ஒரு மாயக்கதை. வில்லும் வாளும் வைத்திருக்கிற வீரன் ஏழு காடுகளைக் கடந்து பூதங்களோடு சண்டை போட வேண்டும். முதல் பாகம் வந்து நன்றாக ஓடியது. வேகம், வெட்டு, வெடி என்று விமர்சகர்கள் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இரண்டாம் பாகத்தில் வீரனை மலை ஏற்ற வேண்டும் என்று டிசைனருக்கு ஆசை. மலை எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டுத் துளைத்து எடுத்தார். பலா மரம் எந்தப் பக்கம் சாயும், சாமைக் கொல்லையில் காற்று எப்படிப் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, எங்கள் ஊர் எல்லையில் இருக்கிற சாமிக்காட்டைப் பற்றியும் சொன்னேன். அந்தக் காட்டு ஓரமாகத்தான் ஊருக்குள் போகிற வழி. முதல் புளிய மரத்தடியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் கடைசி மரம் தாண்டியதும் போட்டுக்கொள்வோம். அவ்வளவுதான். டிசைனர் கடலையைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த நாளே மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சாமிக்காடு முளைத்துவிட்டது. வீரன் தன் இரும்புக் காலணியோடு அதைக் கடந்தால் தண்டனை எதுவும் இல்லை. இடி விழாது, பூதம் வராது. ஆனால் அதற்குப் பிறகு அவன் விடுகிற அம்பு எதன் மேலும் படாது.

அதை டெஸ்ட் செய்தது நான். வீரனை நடத்திக்கொண்டு போனேன், புளிய மரம் வந்தது, காலணியைக் கழற்றினேன், கடந்தேன், போட்டுக்கொண்டேன். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது. ரிப்போர்ட்டில் ‘எங்கேயும் கோவம் வரவில்லை’ என்று எழுதினேன். இன்னொரு டெஸ்டர் பையனுக்கு டீ குடிக்கும்போது நானே விஷயத்தைச் சொல்லியிருந்ததால் அவனும் கழற்றிவிட்டுப் போனான். திரையில் ஒரு குறிப்பு வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யார் போர்டு வைத்தார்கள்?

கேம் வெளியானது. முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. ஆட்கள் மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்ததும் ஆரம்பித்தது. யூடியூபில் ஒருவர் வில்லை இழுத்து இழுத்து விட்டுக் காட்டி, இதற்குப் பதில் கல் எடுத்து எறியலாம் என்று கத்தினார். முதல் பாகத்தைக் கொண்டாடிய அதே ஆட்கள், காசு வாங்கிக்கொண்டு அரைவேக்காட்டை விற்றுவிட்டார்கள் என்று எழுதினார்கள். எல்லோரும் மதிக்கிற ஒரு விமர்சனத் தளம் பத்துக்கு நாலு கொடுத்தது. மலை அழகாக இருக்கிறது, சண்டை பரவாயில்லை, ஆனால் பாதியில் வில் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது, இதைப் பழுது என்பதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது என்று அதில் இருந்தது. டிசைனர் அதைப் பிரிண்ட் எடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பழுது என்ற அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிற ஒன்றை மெஷின் கோளாறு என்று ஒருவர் எழுதிவிட்டார், அதற்கு வழி செய்து கொடுத்தது என் ரிப்போர்ட்.

கேமை வெளியிட்ட கம்பெனியின் மேலாளர் மறுநாள் போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்டோம். பத்து நாளில் சாமிக்காட்டை எடுத்துவிட்டு அப்டேட் கொடுக்க வேண்டும், பழுது நீக்கப்பட்டது, வருந்துகிறோம் என்று அதிலேயே போட வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் பாகத்தை வேறு ஆளை வைத்துச் செய்துகொள்வோம் என்றார். போன் வைத்ததும் நான் டிசைனரிடம் போய், தப்பு என்னுடையது, யோசிக்காமல் கழற்றிவிட்டேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று தயாராக நின்றேன். அவர் கேட்டது வேறு.

“உங்க ஊர்ல போர்டு இருக்குதா?”

“இல்ல சார்.”

“அப்ப வெளியூர்க்காரன் வந்தா அவனுக்கு எப்படித் தெரியும்?”

நான் வெளியூர்க்காரியாக என் ஊருக்கு வந்ததே இல்லை. “சரி, நாளைக்கு மொத பஸ்ல போறோம்” என்றார்.

மலைப்பாதை முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். ஜமுனாமரத்தூரில் இறங்கி ஜீப் பிடித்து, ஜீப் போகாத இடத்திலிருந்து நடந்தோம். புளிய மரத்துக்கு இன்னும் அரை மைல் இருக்கும்போதே நான் வாயைத் திறந்தேன். “சொல்லாத. பின்னாலயே வா” என்று கையைக் காட்டினார். பெரிய பூட்ஸ் ஒன்று போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்த பூட்ஸோடு உள்ளே காலை வைத்துவிட்டால் என் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்?

எதிரே பலாப்பழம் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். டிசைனர் சிரித்தார். வந்தவர் சிரிக்கவில்லை, டிசைனரின் காலைப் பார்த்தார், ஒதுங்கிப் போனார். கொஞ்ச தூரத்தில் வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களும் காலைத்தான் பார்த்தார்கள். புளிய மரத்துக்குப் பத்தடி முன்னால் ஒரு பெண் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள், எனக்கு அத்தை முறை. முறம் நின்றுவிட்டது. அவள் என்னைக்கூடப் பார்க்கவில்லை, அந்த பூட்ஸையே பார்த்தாள். டிசைனர் நின்றார். தன் காலைக் குனிந்து பார்த்தார். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“எந்த ஊரு சாமி நீ? வெய்யில்ல வந்துகீற, தண்ணி குடிக்கிறியா?” என்றாள் அத்தை. அதுவரை ஒரு சொல் பேசாதவள்.

டிசைனர் ஒரு பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் கண் கலங்கிப் பார்த்தது அந்த ஒரு முறைதான். “நம்ம கேம்ல யாருமே கால பாக்கலம்மா. ஊரு ஃபுல்லா ஆளுங்கள வெச்சோம், ஒருத்தனுக்கும் கண்ணு வெக்கல. நாலு குடுத்தான் பாரு, அது கரெக்ட்டுதான். பழுதுன்னான் பாரு, அத மட்டும் நான் வுட மாட்டேன்” என்றார். அத்தை கொடுத்த தண்ணீரை மூன்று சொம்பு குடித்தார்.

திரும்பி வந்து எட்டு நாள் வேலை நடந்தது. சாமிக்காட்டில் ஒரு இலையைக்கூட எடுக்கவில்லை. எழுத்தில் குறிப்பும் வைக்கவில்லை. ஒரே ஒரு வரி போட்டுவிடலாமே சார் என்று நான்கூடக் கெஞ்சிப் பார்த்தேன். “போர்டு வெச்சா அது சிக்னல் ஆயிடும், போலீஸ்காரன் இருந்தா நிப்பான், இல்லாட்டி போயிடுவான்” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக வழியில் நிற்கிற ஏழு ஊர்க்காரர்களுக்கும் பார்க்கக் கற்றுக்கொடுத்தோம். வீரன் காலணியோடு வந்தால் அவர்கள் பேச்சு நிற்கும், பார்வை இறங்கும். புடைக்கிற பெண்ணின் முறம் நிற்கும். அவன் கழற்றினால் தண்ணீர் கொடுப்பாள். அந்த முறத்தை எத்தனையாவது நொடியில் நிறுத்துவது என்று இரண்டு நாள் சண்டை போட்டோம். அப்டேட்டில் கம்பெனி கேட்ட மன்னிப்பு இல்லை. டிசைனர் எழுதியது இரண்டே வரி: ‘பழுது எதுவும் இல்லாததால் எதுவும் நீக்கப்படவில்லை. ஊர்க்காரர்களுக்குக் கண் வைக்க மறந்திருந்தோம், இப்போது வைத்திருக்கிறோம்.’

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. திட்டிய ஆட்கள் அதற்குள் வேறு கேமைத் திட்டப் போய்விட்டார்கள். நாலு கொடுத்த தளம் மட்டும் மறுபடியும் விளையாடிப் பார்த்து, கீழே ஒரு பத்தி சேர்த்தது. இப்போது அந்த மலை நம்மைப் பார்க்கிறது என்று எழுதியிருந்தார்கள். வெளியான அன்று போட்ட மார்க்கை மாற்றுவது தங்கள் வழக்கம் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். நாலு நாலாகவே நின்றது. மூன்றாம் பாகம் டிசைனர் கையை விட்டுப் போனது. ஆபீஸை விட்டுக் கிளம்புகிற அன்று அவர் சுவரிலிருந்து அந்தத் தாளைப் பிய்த்து எடுத்து என்னிடம் நீட்டினார். “பாதி உன்னோடது. வெச்சிக்கோ. தூக்கிப் போட்டன்னு தெரிஞ்சா மலையேறி வந்து ஒதைப்பேன்” என்றார். வாந்தி எடுத்துக்கொண்டா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே படி இறங்கிப் போனார்.

நான் மூன்றாம் பாகத்தில் மூன்று மாதம் இருந்தேன். அதிலும் மலை இருந்தது, சாமிக்காடு இல்லை. வீரன் கோயில் வாசல் வரைக்கும் இரும்புக் காலணியோடு ஓடினான். ஒவ்வொரு நாள் ரிப்போர்ட்டிலும் அந்த இடத்துக்கு நேரே ‘கோவம் வந்தது’ என்று எழுதினேன். டிசைனர் இடத்துக்குப் புதிதாக வந்தவர் அதை ஒரு கோளாறாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்து இந்தக் கடையைப் போட்டேன். மூன்றாம் பாகத்துக்குப் பத்துக்கு ஒன்பது வந்தது. அதைப் பிரிண்ட் எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. டிசைனர் இப்போது பெங்களூரில் போன் கேம் செய்கிற கம்பெனியில் இருக்கிறார். என்ன வேலை என்று கேட்டால், “மாம்பழத்தோட மாம்பழத்த சேக்கிறேன்” என்பார்.

போன வாரம் சந்தை நாள். கரண்ட் வந்து வந்து போனதால் ஜெராக்ஸ் மெஷின் சூடாக நேரம் எடுத்தது. கடையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். சும்மா இருக்கும்போது ஓட்டுவதற்கென்று கம்ப்யூட்டரில் இரண்டாம் பாகத்தை வைத்திருக்கிறேன். அன்றைக்கு யூபிஎஸ் தயவில் அது ஓடிக்கொண்டிருந்தது. வீரன் மலை ஏறி வந்து புளிய மரத்துக்கு முன்னால் நின்றான். வீடியோ கேம் என்ற ஒன்றையே கையால் தொட்டிருக்காத, புளி விற்க வந்த ஒரு பெண் திரையைப் பார்த்துவிட்டு, “அந்தப் பொம்பள இன்னாத்துக்கு முறத்த நிறுத்திட்டா?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற ஜீப் டிரைவர் சொன்னார், “செருப்போட வந்து நிக்கறான் பாரு, தெரியல?” அவள் தலையை ஆட்டினாள். “ஆமா. டேய், கயட்டுடா மொதல்ல” என்று திரையைப் பார்த்து அதட்டினாள்.

நான் மவுஸை எடுத்து அவன் காலணியைக் கழற்றினேன். முறம் மறுபடி ஆடியது. பெண் சொம்பை நீட்டினாள். கடையில் நின்றவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை, தங்கள் நகலுக்காகக் காத்திருந்தார்கள். கூட்டம் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி அந்தத் தாளைத் தூசி தட்டித் துடைத்தேன். நாலு பளிச்சென்று தெரிந்தது. வாசலில் நுழைகிறவர்களுக்கு நேராகப் படுகிற மாதிரி இன்னும் ஒரு முழம் கீழே இறக்கி மாட்டினேன். அந்தத் தாலுகா ஆபீஸ் அம்மா அடுத்த வாரம் வந்து யாரோட மார்க்கு என்று கேட்பார். கேட்கட்டும், என்னோடதுதான்.